தூணிடம் சொன்னது

செங்கேணி தூணோடு பேசிக்கொண்டிருந்தாள்.

காலை நேரம். வில்லியனூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் மல்லாட்டைக் கிடங்கு இருந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். கொட்டகையின் நடுவில் ஒரு பனந்தூண். கூரையைத் தாங்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அந்தத் தூணுக்கு எதிரே முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு அவள் நின்றாள்.

“தூணே, மேக்கால அடுக்கியிருக்கிற மூட்டைய மொதல்ல எடுக்கச் சொல்லு. அதுதான் நல்லா காஞ்சிருக்குது.”

பதில் தூணுக்கு மறுபக்கத்திலிருந்து வந்தது. அங்கே ஏழுமலை, தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு, தூணின் நெற்றி என்று ஏதாவது இருந்தால் அந்த இடத்தைப் பார்த்தபடி நின்றான். மூட்டை தூக்குகிற ஆட்களில் அவன்தான் முதல் ஆள்.

“எடுக்கறேன்னு சொல்லு. கூட ஒரு ஆளு வேணும்னும் சொல்லு.”

“அனுப்பறேன்னு சொல்லு.”

இருவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. நான் என் மேசையில் உட்கார்ந்து, கையில் பேனாவோடு, இந்த இருவரில் யாருக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக எனக்குப் பிடித்திருக்கலாம் என்ற எண்ணமும் வந்தது. ஏனென்றால் கொட்டகையில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களில் ஒருத்திகூடத் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதலாளியின் மூன்று சட்டங்கள்

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிரவே பரீட்சையில் நான் தேறிய கதையும் அதனால் எந்தப் பயனும் இல்லாமல் போன கதையும் சென்ற வாரமே இந்தத் தொடரில் வந்துவிட்டன. பிரெஞ்சு சர்க்காரில் உத்தியோகம் கிடைக்காமல் புதுச்சேரித் தெருக்களைச் சுற்றிக்கொண்டிருந்த என்னை, மல்லாட்டை ஏற்றுமதி செய்கிற ஒரு முதலாளி வில்லியனூர்க் கிடங்குக்கு மேனேஜராகப் போட்டார். இரண்டாவது யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் என்று முதலாளி மட்டும்தான் சொன்னார். கிடங்கில் எல்லோருக்கும் நான் கணக்குப்பிள்ளைதான்.

வேலை எளிது. பாகூர், செலியமேடு பக்கத்திலிருந்து மாட்டு வண்டிகளில் காய் வரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் உடைத்துப் பருப்பெடுப்பார்கள். ஆண்கள் மூட்டை கட்டிக் கூட்ஸ் வண்டியில் ஏற்றுவார்கள். புதுச்சேரித் துறையில் அது மர்சேய் போகிற கப்பலில் ஏறும். இதில் எனக்கு என்ன வேலை என்று கேட்டால், இந்த ஜனங்களை வேலை செய்ய வைப்பது.

அதற்கு முதலாளி எனக்கு மூன்று சட்டங்கள் சொல்லிக்கொடுத்தார்.

“அதட்டாத. கொஞ்சாத. கண்ண எடுக்காத.”

மூன்றையும் ஒழுங்காகச் செய்தேன். அதட்டாமல், கொஞ்சாமல், நாள் முழுக்க அவர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் போனதும் பச்சையம்மா என்கிற மூத்த பெண் எழுந்து என்னிடம் வந்தாள்.

“கணக்குப்புள்ள, ஒடம்புக்கு இன்னா? நீயும் பேச மாட்டேன்ற, எங்களயே பாத்துகினு இருக்கிற. புள்ளைங்க பயப்படுது.”

அத்தோடு மூன்று சட்டங்களும் முடிந்தன.

யாரும் தோற்காத போட்டி

பிறகு நானே ஒரு யோசனை செய்தேன். பள்ளிக்கூடத்தில் பாதிரியார் எங்களை இரண்டு அணியாகப் பிரித்துப் பாடம் ஒப்பிக்க வைப்பார். தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில் பாடம் தானாக மனப்பாடம் ஆகும். அதே மாதிரி பெண்களைக் கிழக்கு வரிசை, மேற்கு வரிசை என்று பிரித்தேன். எந்த வரிசை அதிகமாக உடைக்கிறதோ அந்த வரிசைக்குச் சாயங்காலம் ஆளுக்கொரு முழம் பூ.

முதல் நாள் இரண்டு வரிசையும் சமம். சரி, தற்செயல் என்று இரண்டு வரிசைக்கும் பூ கொடுத்தேன். மறுநாளும் சமம். அதற்கு மறுநாளும். மரக்காலில் அளந்தால் தலை தட்டின அளவுக்குக்கூட வித்தியாசம் இல்லை.

கவனித்துப் பார்த்தேன். வேகமாக உடைக்கிறவள் தன் முறம் நிறைந்ததும், பேச்சுவாக்கில், எதிர்வரிசையில் மந்தமாக உடைக்கிறவளின் முறத்தில் ஒரு கை அள்ளிப் போட்டுவிடுவாள். அவள் இவளுக்கு நாத்தனாராக இருப்பாள், அல்லது ஓரகத்தி. எல்லோரும் ஒரே தெருவிலிருந்து வந்த சொந்தக்காரர்கள். ஜெயிக்கிறவளும் தோற்கிறவளும் இரவு ஒரே அடுப்பில் சோறு ஆக்கப்போகிறவர்கள்.

“போட்டின்னா ஒருத்தர் தோக்கணும்” என்று விளக்கினேன்.

“தோத்தா பூ இல்லையே” என்றாள் ஒருத்தி, எனக்குப் புரியவில்லையே என்ற கவலையோடு.

எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. பூ வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை; நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாத பயம்தான் காரணம்.

மேஸ்திரி ஆன மருமகள்

எனக்கும் ஆட்களுக்கும் நடுவில் பெரியசாமி என்று ஒரு மேஸ்திரி இருந்தார். காலையில் தொடங்கிப் பொழுது சாய்கிற வரை கத்திக்கொண்டே இருப்பார். கிடங்கு அந்தச் சத்தத்தில்தான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் சைகோனுக்குக் கப்பலேறிவிட்டார். மறுநாளும் கிடங்கு அதே மாதிரி ஓடியது. அதுவும் எனக்குப் புரியவில்லை.

முதலாளி சொல்லியனுப்பினார்: யார் நன்றாக வேலை செய்கிறார்களோ அவர்களை மேஸ்திரியாகப் போடு, வெள்ளைக்காரன் அப்படித்தான் செய்கிறான்.

நன்றாக வேலை செய்கிறவள் யார் என்பதில் சந்தேகமே இல்லை. செங்கேணி. இருபது வயதுக்குள் இருப்பாள். அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, பதிந்து கடல் கடந்து போயிருந்தான். அவள் விரல்கள் காயை அழுத்துவதே தெரியாது. பருப்பு சிவப்புத் தோல் கிழியாமல் வந்து விழும். என்னிடம் பேசும்போது நேராக முகம் பார்த்து, “ஐயா, இந்தக் காய் ஈரம்” என்று சட்டென்று சொல்கிற பெண். அது எனக்குப் பிடித்திருந்தது. அவளையே மேஸ்திரி ஆக்கினேன். யாரும் எதிர்க்கவில்லை. சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை.

நான் விசாரிக்காமல் விட்ட சங்கதி ஒன்று இருந்தது. பச்சையம்மா அவளுடைய மாமியார். ஏழுமலை பச்சையம்மாவின் மூத்த மகன். அதாவது செங்கேணிக்கு மூத்தார், புருஷனின் அண்ணன். அவர்கள் வழக்கத்தில் ஒரு பெண் தன் மூத்தாரோடு நேருக்கு நேர் பேசமாட்டாள். அவர் வந்தால் எழுந்து தள்ளி நிற்பாள். அவசியமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அருகில் இருக்கும் குழந்தையிடம் சொல்வாள். குழந்தை இல்லாவிட்டால் மாட்டிடம், மாடும் இல்லாவிட்டால் சுவரிடம். கிடங்கில் சுவர் தூரத்தில் இருந்தது. தூண்தான் பக்கத்தில்.

இதைப் பச்சையம்மா எனக்கு விளக்கியபோது, நான் ஏதோ வேறு நாட்டிலிருந்து வந்தவன் மாதிரி என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டுப் பெண்களும் மூத்தாரோடு பேசமாட்டார்கள்தான். ஆனால் அவர்கள் யாரும் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்ததில்லை.

விசேஷம் என்னவென்றால், வேலை நன்றாக நடந்தது. பெரியசாமி காலத்தைவிட நன்றாகவே நடந்தது. கத்தல் இல்லை. தூணிடம் சொன்ன பேச்சுக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. தூணோடு யார் சண்டை போடுவது? கொஞ்ச நாளில் மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு ஓரகத்திகளுக்குள் மனத்தாங்கல் என்றால், “தூணே, தண்ணி கொடத்த யாரோ மூடாம வெச்சிருக்காங்க, கேளு” என்று ஒரு குரல் கேட்கும். ஒருநாள், “தூணே, கணக்குப்புள்ள எடைக்கல்ல வெளக்கி வெச்சா நல்லாயிருக்கும்” என்றுகூடக் கேட்டது. அன்று மத்தியானமே புளி போட்டு எடைக்கற்களைத் துலக்கினேன்.

வெள்ளிக்கிழமை கூட்ஸ்

இப்படி இருக்கும்போது முதலாளி ஒரு வெள்ளைக்காரரை அழைத்துக்கொண்டு வந்தார். மர்சேய்க் கம்பெனிக்குச் சரக்குப் பார்த்து வாங்குகிறவர். பருப்பை வாயில் போட்டு மென்று தலையசைத்தார். அந்த நேரம் பார்த்துச் செங்கேணி தூணிடம் ஏதோ சொல்ல, ஏழுமலை தூணிடம் பதில் சொல்ல, வெள்ளைக்காரர் முதலில் தூணைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று. என்னைத் தனியே அழைத்தார்.

“இன்னா தம்பி இது, கூத்துக் கொட்டாயா? மேஸ்திரின்னா ஆள மூஞ்சியப் பாத்து வேலை சொல்லணும். இந்த வெள்ளிக்கிழமை கூட்ஸ்ல வேகன் நெறஞ்சு போவணும். கப்பல் காத்திருக்காது. நெறயலன்னா உடைக்கிற மிஷின வாங்கி வெச்சுட்டு இத்தினி பேரையும் வூட்டுக்கு அனுப்பிடுவேன். உன்னையும் சேத்துதான்.”

வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. வேகன் பாதிகூட நிறையவில்லை.  மறுநாள் காலை எல்லோர் முன்னிலையிலும் செங்கேணியிடம் சொன்னேன்: இனிமேல் தூண் கிடையாது, வேலையை மேஸ்திரிதான் சொல்ல வேண்டும், நேராகச் சொல்.

அவள் என்னைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். பிறகு ஏழுமலை இருந்த பக்கமாகத் திரும்பி, முந்தானையை இழுத்துவிடாமல், மெதுவான குரலில் சொன்னாள்.

“மூட்டைய எடுங்க.”

அவ்வளவுதான். மரியாதையாகத்தான் சொன்னாள். ஏழுமலை தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். மற்ற ஆண்கள் பின்னால் போனார்கள். பச்சையம்மா முறத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள். பெண்கள் எழுந்தார்கள். கடைசியாக, நான் எதிர்பார்க்காதபடி, செங்கேணியும் அவர்களோடு போனாள். நான் சொன்னதைச் செய்தவளும் அவள்தான், அதற்காக வேலையை விட்டுப் போகிறவளும் அவள்தான். நானும் தூணும் மட்டும் நின்றோம்.

ஆற்றங்கரையில்

சாயங்காலம் தேடிக்கொண்டு போனேன். ஏழுமலை ஆற்று மணலில் உட்கார்ந்திருந்தான். கோபமாக இருப்பான் என்று தயாராகப் போயிருந்தேன். அவன் கோபமாக இல்லை. என்னைப் போலவே குழம்பிப்போயிருந்தான். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

“அவ இன்னா தப்பாப் பேசிட்டா, ஏழுமலை?”

“அவ ஒண்ணும் தப்பாப் பேசல.”

“அப்ப நான் சொன்னது தப்பா?”

“நீ பொழப்புக்குச் சொன்ன. அதுவும் தப்புன்னு சொல்ல முடியல.” மணலைக் கையில் அள்ளி விட்டான். “ஆனா தம்பி பொண்டாட்டி எம் மூஞ்சியப் பாத்து எடுங்கன்னு சொல்றா. நான் எடுத்தா கூலிக்காரன். எடுக்கலன்னா திமிர் புடிச்சவன். அவளுக்கு மூத்தாரா எப்பிடி நிக்கிறது, நீயே சொல்லு.”

 பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடை பிறக்கவில்லை, அதற்குள் தண்ணீர் ஒரு ஓரமாக ஒதுங்கிவிட்டிருந்தது. மிஷின் வந்துவிடும் என்று சொன்னேன். தெரியும் என்றான். நாளைக்கு வருவீர்களா என்று கேட்டேன். வராமல் எங்கே போவது என்றான். நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

நான் யார் வீட்டு மருமகள்?

மறுநாள் வந்தார்கள். வந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தே இருந்தார்கள்.

செங்கேணி நேராகப் பேசவும் மாட்டாள், நான் கூடாது என்று சொல்லிவிட்டதால் தூணிடம் பேசவும் மாட்டாள். மேஸ்திரி சொல்லாமல் ஆண்கள் மூட்டையைத் தொடமாட்டார்கள். ஆண்கள் காய் மூட்டையை எடுத்து வந்து அவிழ்க்காமல் பெண்களுக்கு உடைக்க ஒன்றும் இல்லை. நானே குரலை உயர்த்தி, “மூட்டைய எடுங்க” என்றேன்.

“நீ சொல்லக் கூடாது, மேஸ்திரிதான் சொல்லணும்னு நீதான சொன்ன” என்றான் ஒருவன். உண்மைதான்.

தண்டவாளத்தில் வேகன் திறந்த கதவோடு நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் எழுந்து போய்த் தூணுக்கு எதிரே நின்றேன். வேர்வையைத் துடைத்த மேல்துண்டு முக்காடு மாதிரி தலையில் கிடந்தது.

“தூணே” என்றேன். “ஏழுமலைய மூட்டை தூக்கச் சொல்லு. அவன் காலப் புடிச்சு கேக்கறேன்னு சொல்லு.”

பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு பச்சையம்மாவின் குரல் வந்தது.

“ஏன் கணக்குப்புள்ள, நீ எங்க வூட்டுக்கு எப்ப மருமவளா வந்த?”

சிரிப்பு முதலில் பெண்கள் பக்கம் கிளம்பியது. ஆண்களுக்குத் தொற்றியது. ஏழுமலை சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டே, “முக்காட்ட நல்லா இழுத்து வுடச் சொல்லு” என்று தூணிடம் சொல்லிவிட்டு, முதல் மூட்டையைத் தூக்கினான். செங்கேணி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தன் இடத்துக்கு வந்து நின்றாள். “தூணே, மேக்கால இருக்கிறத மொதல்ல” என்றாள்.

வெள்ளிக்கிழமை கூட்ஸில் வேகன் நிறைந்து போயிற்று. எப்படி என்று முதலாளி கேட்டார். சிரித்தார்கள், அதனால் நடந்தது என்று சொன்னால் நம்புவாரா? மேற்பார்வையைக் கொஞ்சம் இறுக்கினேன் என்று சொல்லி வைத்தேன். மெச்சி, என் தோளில் தட்டினார்.

நல்ல செய்தி

அந்தப் பருவம் முழுக்கச் சரக்குக் குறித்த நேரத்துக்குப் போனது. வெள்ளைக்காரர் அசந்துபோனார். முதலாளி என்னைப் புதுச்சேரிக்கு அழைத்து, தன் கையால் காப்பி கொடுத்தார்.

“உன்னாலதான் தம்பி. மர்சேய்க்காரன் பெரிய ஆர்டரு குடுத்துட்டான். இத்தினி வருஷத்துல இப்பிடி வந்ததில்ல.”

எனக்குப் பெருமையாக இருந்தது. செங்கேணிக்கும் ஏழுமலைக்கும் இதை எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் பேசிப் பார்த்துக்கொண்டேன்.

“இம்மாஞ் சரக்குக்குக் கையால உடைச்சு முடியாது” என்று தொடர்ந்தார் முதலாளி. “மிஷினுக்குச் சொல்லிட்டேன். அடுத்த விளைச்சலுக்கு வந்துடும். நீ இரு, மிஷினப் பாத்துக்க ஆளு வேணும். மத்தவங்ககிட்ட நீயே பக்குவமா சொல்லிடு. உன் பேச்சுதான் கேக்கறாங்களே.”

வேகன் நிறையாவிட்டால் மிஷின் என்றார். நிறைந்தது. நிறைந்ததால் மிஷின் வருகிறது. காப்பியைக் குடித்தேனா வைத்துவிட்டு வந்தேனா என்று நினைவில்லை. வில்லியனூர் போகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதைத் திருப்பித் திருப்பி யோசித்தேன். இவர்கள் மோசமாக வேலை செய்திருந்தாலும் இதே இடத்துக்குத்தான் வந்திருப்போமா? அப்படியானால் நான் இவ்வளவு நாள் எதற்காக இவர்களை வேலை செய்ய வைத்தேன்?

கிடங்குக்கு வந்தபோது பிற்பகல். கடைசிக் காய்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பல்லி கத்துகிற மாதிரி டிக் டிக் என்று தோல் உடைகிற சத்தம். வாயில் வந்து படிகிற செம்மண் தூசு. பச்சையம்மா நிமிர்ந்து, “பாண்டிக்குப் போனியே, எங்களுக்கு இன்னா கொண்டாந்த?” என்று கேட்டாள்.

பக்குவமாகச் சொல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தால் எதுவுமே வராது என்று தெரிந்தது. கால்கள் தாமாகத் தூணிடம் போயின.

“தூணே” என்றேன்.

முன்பு நடந்தது நினைவுக்கு வந்து யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள்.

“அடுத்த விளைச்சலுக்கு மிஷின் வருதுன்னு சொல்லு. கையால உடைக்கிற வேலை இதோட முடிஞ்சுதுன்னு சொல்லு. நல்லா வேலை செஞ்சதாலதான் வருதாம். எனக்கும் ஒண்ணும் புரியலன்னு சொல்லு.”

சிரிப்பு நின்றது. உடைக்கிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பச்சையம்மா என்னை மருமகள் என்று சொல்லவில்லை. ஏழுமலை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செங்கேணி எழுந்தாள். என்னிடம் எப்போதும் நேராக முகம் பார்த்துப் பேசுகிறவள், மடியிலிருந்த தோலை உதறிவிட்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, தூணுக்கு மறுபக்கம் வந்து நின்றாள்.

“கேட்டுக்கினோம்னு சொல்லு, தூணே. மீதி இருக்கிறத உடைச்சு முடிச்சுட்டுத்தான் போவோம்னு சொல்லு.”

அன்று அவள் என்னையும் தன் வீட்டில் மரியாதைக்குரிய ஓர் ஆளாக நினைத்துத்தான் முக்காடு போட்டாளா, அல்லது என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போட்டாளா என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் நடுவில் தூண் இருந்தது.

“சரின்னு சொல்லு” என்றேன், தூணிடம்.